இழுக்கும் டிராக்டரால் நிறுத்தவும் முடியுமா?

உங்கள் வீட்டில் டிராக்டர் ஓட்டுபவர் யாராவது இருக்கிறாரா? அப்பாவோ, அண்ணனோ, மாமாவோ, யாராக இருந்தாலும் சரி. இன்றிரவு அவர் சாப்பிட்டுவிட்டுச் சற்று ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கள் டிராக்டர் எத்தனை டன் இழுக்கும்?" பதில் உடனே வரும், கொஞ்சம் பெருமையோடும் வரும். பிறகு, "இறக்கத்தில் எத்தனை டன்னை நிறுத்தும்?" என்று கேளுங்கள். அவர் சற்று யோசிப்பார்.

இழுக்கும் பலம் வேறு, நிறுத்தும் பலம் வேறு. இந்த வித்தியாசத்தை மறந்த இடத்தில்தான் டிராக்டர் விபத்துகள் நடக்கின்றன. அதிலும் ஒரு டிரெய்லருக்குப் பின்னால் இன்னொரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு புறப்பட்டால் வித்தியாசம் பல மடங்காகிவிடுகிறது.

இந்த எண்ணம் ஏன் வருகிறது என்பது செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெட்டிய குலை காட்டில் கிடந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நல்லது. பழம் அதிகமாக விழும் மாதங்களில் டிராக்டர் போதாது, ஓட்டுநர் போதாது, பொழுதும் போதாது. பழம் ஏற்றுபவர்களுக்குப் பல இடங்களில் டன் கணக்கில்தான் கூலி. மழை வேறு வானத்தில் நிற்கிறது. "இன்னொரு டிரெய்லரையும் மாட்டி விடு, ஒரே நடையில் முடிந்து போகும்" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். சொல்பவர் பெரும்பாலும் ஓட்டுநராக இருப்பதில்லை. இறக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறவர் மட்டும் ஓட்டுநர்தான்.

அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மாட்டு வண்டியில் கித்தாப் பாலும் கட்டையும் போயின. பெரிய செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றில் குறுகிய தண்டவாளம் போட்டு, சிறிய இஞ்சினுக்குப் பின்னால் வரிசையாகப் பழ வண்டிகளை இழுத்தார்கள். அங்கே பத்து வண்டி மாட்டினாலும் எல்லாம் தண்டவாளத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். பக்கவாட்டில் ஆட வழியில்லை. 1946-இல் இங்கிலாந்தில் ஃபர்குசன் என்ற சின்னச் சாம்பல் நிற டிராக்டர் விற்பனைக்கு வந்தது. அதன் வழிவந்த மேசி ஃபர்குசனைத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? பிற்பாடு கித்தாக் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறின. கூலாய்க்குப் பக்கத்தில் தாயிப் அண்டாக் நிலத்திட்டத்தில் ஃபெல்டா செம்பனை போட்டதும் அறுபதுகளின் தொடக்கத்தில்தான். பழத்தின் எடை கூடக்கூட டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் வேலை கூடியது. தண்டவாளம் போய்விட்டது. ஆனால் ரயில்போல வண்டிகளைக் கோத்துக்கொண்டு போகலாம் என்ற நினைப்பு மட்டும் சிலருக்குப் போகவில்லை.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கரும்பு வெட்டும் காலத்தில், ஒரு டிராக்டருக்குப் பின்னால் மலைபோல் கரும்பு ஏற்றிய இரண்டு டிரெய்லர்கள் ஆலைக்குப் போவதை இன்றும் பார்க்கலாம். அமெரிக்காவிலோ இதே சங்கதி உல்லாசப் பயணத்தில் வருகிறது. அங்கே விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் லாரி போன்ற வாகனத்தின் பின்னால் படுக்கை, அடுப்பெல்லாம் உள்ள வீட்டு வண்டியை மாட்டுகிறார்கள். அதற்கும் பின்னால் ஒரு படகு வண்டி! அந்த நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சில மாநிலங்கள் இரண்டு வண்டி இழுக்க அனுமதிக்கின்றன, சில அடியோடு தடுக்கின்றன. சில மாநிலங்கள் முதல் வண்டி எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கின்றன. இழுக்கும் வாகனத்தின் பின் சக்கரங்களுக்கு மேலேயே அதன் பாரம் உட்கார்ந்திருந்தால்தான் இரண்டாவதற்கு அனுமதி. ஆகவே குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எல்லைக்கு எல்லை சட்டத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் விவசாய டிராக்டருக்குத் தனி விதி உண்டு. இரண்டு விவசாய டிரெய்லர்களை இழுக்கலாம், ஆனால் இரண்டும் காலியாக இருக்க வேண்டும். ஏற்றிய டிரெய்லர் என்றால் ஒன்றுதான். அந்த விதியை எழுதியவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் டிராக்டரைத் தெரிந்தவர் என்பது மட்டும் நிச்சயம்.

"ஆஸ்திரேலியாவில் மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு லாரிகள் போகின்றனவே!" என்று படம் பார்த்த பிள்ளைகள் கேட்கலாம். உண்மைதான். அங்கே 53.5 மீட்டர் நீளம்வரைகூட லாரித்தொடர்கள் ஓடுகின்றன. ஆனால் அவற்றில் பெட்டிதோறும் பிரேக் உண்டு. ஓட்டுநருக்குத் தனி லைசென்ஸ் உண்டு. சாலையோ கண்ணுக்கெட்டிய தூரம் நேராக, சமமாகப் போகிறது. லாபிஸ் பக்கத்து மேடுபள்ளமும், ரெங்கம் பக்கத்து ஈரச் செம்மண்ணும், வடகிழக்குப் பருவமழையும் அங்கே இல்லை.

பின்னாலிருந்து தள்ளும் பாரம்

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்குதான்.

டிராக்டரின் எடை இரண்டு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி டிரெய்லர் ஒரு டன், பழம் நான்கு டன். ஆக, இரண்டு டன் எடையுள்ள டிராக்டர் தனக்குப் பின்னால் ஐந்து டன்னை வைத்துக்கொண்டு போகிறது. டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் மொத்தம் ஏழு டன்னையும் டிராக்டரின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். இன்னொரு டிரெய்லரை மாட்டினால் பன்னிரண்டு டன். டிராக்டரும் அதேதான், பிரேக்கும் அதேதான், மண்ணைப் பிடிக்கும் டயரும் அதேதான்.

பத்தடி தூரத்துக்கு ஓரடி இறங்கும் சரிவில் அந்த ஐந்து டன் டிரெய்லர் ஏறக்குறைய அரை டன் பலத்தோடு டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். இரண்டு டிரெய்லர் என்றால் ஒரு டன். காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கு இருக்கும் பிடிப்பில் பாதிகூட ஈரச் செம்மண்ணில் இருக்காது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார், சக்கரம் நின்று விடுகிறது. ஆனால் வண்டி நிற்கவில்லை. சக்கரம் சுற்றாமலே வழுக்கிக்கொண்டு போகிறது. பின்னால் வரும் பாரம் நேராகத் தள்ளாமல் சற்றே கோணலாகத் தள்ளினால் டிராக்டர் குறுக்கே திரும்பி, மடக்குக் கத்தி மடிவதுபோல் டிரெய்லரோடு மடிகிறது. ஓட்டுநர் நடுவில் சிக்கிக்கொள்கிறார். எந்த அனுபவசாலி ஓட்டினாலும் அந்த நிலையில் செய்வதற்கு எதுவும் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் மேட்டின் உச்சியிலேயே செய்திருக்க வேண்டும்.

வேகமும் இதில் கூட்டுச் சேர்கிறது. வேகம் இருமடங்கானால், பிரேக் அழுத்திய பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனவர் 30-இல் போனால், "கொஞ்சம்தான் கூட்டினேன்" என்பார். மண் சடக்கு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது.

இரண்டாவது டிரெய்லரால் இன்னொரு கெடுதலும் உண்டு. பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நீளமாக ஓடி விளையாடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முன்னால் ஓடும் பிள்ளை சட்டென்று திரும்பினால் நடுவில் இருப்பவன் சற்று ஆடுவான். கடைசியில் இருக்கும் சின்னவன் தூக்கி எறியப்படுவான். டிரெய்லரும் அப்படித்தான். வேகமாகப் போகையில் ஓட்டுநர் ஒரு குழிக்காக ஸ்டியரிங்கைச் சற்று ஒடித்தால், முதல் டிரெய்லர் கொஞ்சம் ஆடும், இரண்டாவது அதைவிட அதிகமாக ஆடும். அதன் ஆட்டம் ஓட்டுநரின் கண்ணுக்கும் தெரியாது. முன்னால் இருக்கும் பழக்குவியல் மறைத்துவிடும். மெதுவாக வளைவில் திரும்பும்போதோ நேர்மாறான தொல்லை. ஒவ்வொரு டிரெய்லரும் முன்னால் போவதைவிட வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். டிராக்டர் தாண்டிப் போய்விட்டது என்று நம்பிச் சாலையோரம் சைக்கிளோடு ஒதுங்கி நிற்பவரை இரண்டாவது டிரெய்லர் இடித்துவிட்டுப் போகலாம்.

பின்னால் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கவே கைப்பழக்கம் வேண்டும். இரண்டைப் பின்னுக்கு எடுத்துக் காட்டுகிறேன் என்று யாராவது பந்தயம் கட்டினால், தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள்.

ஓட்டுபவர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள். இடது வலது பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருப்பது காட்டுக்குள் குறுகத் திரும்புவதற்கு. சாலைக்கு வந்தால் இரண்டையும் கொண்டி போட்டு இணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். எந்தக் கியரில் மேடு ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று ஃப்ரீ கியரில் விடுவது, உயிரைக் கொடுத்து டீசல் வாங்குவதற்குச் சமம். டிரெய்லரை டிராக்டரின் தாழ்வான இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். சேற்றில் சிக்கிய டிரெய்லரை இழுக்க உயரமான இடத்தில் சங்கிலி கட்டினால், முன் சக்கரம் எழும்பி டிராக்டர் ஓட்டுநர் மேலேயே பின்புறமாகக் கவிழும். அதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது. இப்படிக் கவிழும்போது ஓட்டுநரைக் காப்பதற்கென்றே டிராக்டரில் வலுவான இரும்புச் சட்டம் வைக்கிறார்கள். சுவீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. சட்டம் உள்ள டிராக்டரில் இடுப்புப் பட்டையும் போட வேண்டும். போடாதவரைச் சட்டம் காப்பாற்றாது. சில சமயம் அதுவே நசுக்கிவிடும்.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

அமெரிக்காவைப்போல் இங்கே மாநிலத்துக்கொரு சட்டம் கிடையாது. ஜொகூரானாலும் கெடாவானாலும் வாகனங்களைப் பற்றிய சட்டம் மத்திய அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அது 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதற்கு முன் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: இந்தச் சட்டத்தின் பார்வையில், மோட்டார் வாகனம் இழுத்துச் செல்லும் வண்டியும் மோட்டார் வாகனமே. "இதில் இஞ்சினே இல்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது. டிராக்டருக்கென்று தனி லைசென்ஸ் வகுப்புகளும் உண்டு. 5,000 கிலோவுக்கு மேற்படாத சக்கர டிராக்டருக்கு 'எஃப்' வகுப்பு. உங்கள் வீட்டு ஓட்டுநரின் லைசென்ஸில் எந்த எழுத்து இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டுவது குற்றம், அவரை ஓட்டவிட்டு வேலை வாங்குவதும் குற்றம். "பெரிய கிராணி சொன்னார், ஓட்டினேன்" என்பது ஓட்டுநரைக் காப்பாற்றாது. அதே நேரத்தில், சொன்னவரையும் சட்டம் சும்மா விடாது.

"இதெல்லாம் தார்ச்சாலைக்குத்தானே, தோட்டத்துச் சடக்குக்கு ஏது சட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தில் 'சாலை' என்ற சொல்லுக்குப் பொதுச்சாலை மட்டும் பொருளல்ல. பொதுமக்கள் வந்துபோகும் வேறு சாலைகளும் அதில் அடங்கும். உங்கள் தோட்டச் சடக்கில் கோயிலுக்கு வருகிறவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், மீன்காரரின் மோட்டார் சைக்கிளும் போகின்றனவா? அப்படியானால் அது வெறும் தோட்டத்துச் சடக்கு என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. இன்னொன்று, ஜொகூரில் பல தோட்டங்களைச் சாலையே இரண்டாகப் பிளக்கிறது. குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையிலும், சிகாமட், லாபிஸ், யோங் பெங் வழியாக வரும் பழைய பெரிய சாலையிலும் ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து மறுபக்கம் போக டிராக்டர் குறுக்கே வரத்தான் வேண்டும். அந்த நூறு கஜத்தில் லாரியும் பஸ்ஸும் எத்தனை வேகத்தில் வருகின்றன! நீளமான வண்டித்தொடர் கடந்து முடிக்கக் கூடுதல் விநாடிகள் தேவை. இருட்டில், பின் விளக்கும் பிரதிபலிப்பு அட்டையும் இல்லாத கடைசி டிரெய்லர் வருகிறவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எந்த வண்டியோடு எதை மாட்டிச் சாலையில் போகலாம் என்ற சந்தேகம் வந்தால் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டியவர் ஓட்டுநரல்ல, வண்டியின் சொந்தக்காரர்.

காட்டுக்குள்ளே என்றால் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய பிரிவுகளில் ஒன்று தொழிலாளிக்கு மிகவும் முக்கியமானது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைப் போக்க எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. முதலாளி தன் கடமையை மீறினால் விதிக்கக்கூடிய அபராதமும் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். பெரட்டுக் களத்தில் தனியாக நின்று "மாட்ட மாட்டேன்" என்று சொல்லத் தயங்குகிறவர், குழுவிலுள்ள தொழிலாளர் பிரதிநிதி மூலமாகவோ சங்கத்தின் மூலமாகவோ சொல்லலாம். பிரேக் பிடிக்கவில்லை, பின் தேய்ந்துவிட்டது என்பவற்றை வாயால் சொன்னதோடு விடாமல், தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. இதை வீட்டுப் பெண்கள் செய்ய வைக்கலாம். ஆண்கள் "அதெல்லாம் எதற்கு" என்பார்கள், விடாதீர்கள்.

பழத்தின் மேல் மனிதன்

ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் டிராக்டரிலும் லாரியிலும் ஏறித்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த நினைவு இனிமையானதுதான். ஆனால் அந்த இனிமையை வைத்துக்கொண்டு இன்று பிள்ளையை டிரெய்லரில் ஏற்றாதீர்கள். பழக்குவியலின் மேல் உட்கார்ந்தவருக்குப் பிடிப்பதற்கு எதுவுமில்லை. பக்கத்திலேயே அரிவாளும் உளியும் கிடக்கின்றன. அதைவிடக் கொடியது, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவிலுள்ள இரும்பின் மேல் நின்றுகொண்டு போவது. வழுக்கினால் விழும் இடம் டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னால். ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதற்குள் சக்கரம் ஏறிவிடும்.

2022 அக்டோபர் முதல் தேதி, வட இந்தியாவில் கான்பூருக்குப் பக்கத்தில், கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 26 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விவசாயச் சாமான் ஏற்றத்தான் டிரெய்லர், மனிதர்களை ஏற்றாதீர்கள் என்று அந்த மாநில அரசாங்கம் அதன்பிறகு மக்களைக் கேட்டுக்கொண்டது.

நம் திருவிழாக்களுக்கும் இது பொருந்தும். மாரியம்மன் திருவிழாவில் அலங்கரித்த டிரெய்லரே ரதமாகிறது. வண்ண விளக்குகளுக்கு மின்சாரம் வேண்டுமே என்று அதன் வாலில் ஜெனரேட்டர் வண்டியையும் மாட்டிவிடுகிறார்கள். ஆக, அங்கேயும் இரண்டு டிரெய்லர்! வேகம் குறைவுதான். ஆனால் சுற்றிலும் கூட்டம், இருட்டு, பிள்ளைகள் இரண்டு வண்டிக்கும் நடுவில் புகுந்து ஓடுகிறார்கள். ஜெனரேட்டரைத் தனி வாகனத்தில் ஏற்றி, ரதத்துக்கும் அதற்கும் நடுவில் கயிறு பிடித்து இரண்டு இளைஞர்களை நடக்கவிட்டால் போதும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ரதம் போகும் வழியில் இறக்கம் இருந்தால், முதல்நாளே காலி வண்டியை ஓட்டி அந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டு வருவதும் கோயில் கமிட்டியின் வேலைதான்.

இத்தனைக்கும் மீறி விபத்து நடந்துவிட்டால், சொக்சோவை மறக்காதீர்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையில் நேர்ந்த விபத்துக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போய்வரும்போது நேர்ந்த விபத்துக்கும் அதில் இடமுண்டு. வைத்தியச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான தொகை, ஊனமானால் அதற்குரிய தொகை, உயிர் போனால் மனைவி மக்களுக்கு மாத உதவி, ஈமச்செலவு எல்லாம் அதில் அடங்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். உங்களோடு பழம் ஏற்றும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் இதைச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது. விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியவர் முதலாளி. தெரிவித்தாரா என்று ஆபீசுக்குப் போய்க் கேட்க வேண்டியவர் நீங்கள். போகும்போது ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் புகார் செய்திருந்தால் அதன் நகல், சம்பளச் சீட்டு, நேரில் பார்த்த இரண்டு பேரின் பெயர், விபத்து நடந்த காட்டின் எண், மணி, அன்று டிராக்டரின் பின்னால் என்னென்ன மாட்டப்பட்டிருந்தன என்ற குறிப்பு, இவை கையில் இருக்கட்டும்.